ஒஹாயோ சிவப்பா, நியூ மெக்சிகோ பச்சையா? பழைய சி10 வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறேன். பழைய அமெரிக்கப் பிக்கப் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 தான் மனதில் இருக்கிறது. ஒதுக்கியிருக்கும் தொகை 20,000 டாலர். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஒஹாயோவில் இருக்கும் 1972 மாடல். புதிதாகச் சிவப்பு பெயின்ட் அடித்தது, 350 கன அங்குல வி8 இன்ஜின், விலை 19,000. மற்றொன்று நியூ மெக்சிகோவில் இருக்கும் 1969 மாடல். வெயிலில் வெளுத்த பச்சை, ஆறு சிலிண்டர், புகை தள்ளுகிறது, விலை 10,500. வார இறுதியில் ஓட்டவும், எப்போதாவது அலுவலகம் போகவும்தான் வாங்குகிறேன். எதை வாங்கலாம்? பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: முதலில் நியூ மெக்சிகோ வண்டியைப் போய்ப் பாருங்கள். நான் இப்படிச் சொல்வதற்கு ஒரே காரணம் துரு. சி10இன் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங், சீட் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடலாம். இந்த மாடலுக்கான உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகின்றன. கேபின் தகடு அரித்துப்போன வண்டிதான் வாங்கியவரை ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் முடக்கிப் போடுகிறது. புதுத் தகட்டின் விலை பெரிதல்ல. பழையதை வெட்டி எடுத்து, அளவு பார்த்து, வெல்டிங் செய்து, கதவு சரியாக மூடும்படி நிறுத்துவதற்கான கூலிதான் கையைக் கடிக்கும்.

ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புநீர் கேபின் மடிப்புகளுக்குள் புகுந்து, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடு ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். நியூ மெக்சிகோ, அரிசோனா, மேற்கு டெக்சாஸ் வெயில் வேறு விதமாகக் கெடுக்கும். பெயின்ட் வெளுக்கும், டாஷ்போர்டு வெடிக்கும், ரப்பர் எல்லாம் காய்ந்து பொடியும். ஆனால் இரும்பு தப்பிவிடும். வெளுத்த பச்சை என்று நீங்கள் குறையாக எழுதியிருப்பது உண்மையில் அந்த வண்டியின் பலம். கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தால் அதற்கு அடியில் எதையும் மறைக்க முடியாது.

இப்போது எங்கே நிற்கிறது என்பதை விட எங்கே ஓடியது என்பது முக்கியம். கலிஃபோர்னியாவில் காலமெல்லாம் ஓடிய வண்டியை ஒஹாயோக்காரர் வாங்கி வைத்திருக்கலாம். வடக்கிலிருந்து வந்த வண்டியை நியூ மெக்சிகோவில் ஒருவர் விற்கலாம். பழைய பதிவுப் பத்திரங்களைக் கேளுங்கள். ஒஹாயோக்காரரிடம் பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் கேளுங்கள். டிங்கரிங் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் தகட்டைச் சுரண்டிய நிலை, வெல்டிங் செய்த இடம் என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்திருப்பார்கள், ஆசையாகவே காட்டுவார்கள். ஒரு படம்கூட இல்லை என்றால் அந்தச் சிவப்புக்கு 19,000 டாலர் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நேரில் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். வலுவான காந்தம் வேண்டாம், அது ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிக்கு மேலேயும் ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள் இரண்டிலும் முதலில் வைத்துப் பாருங்கள். சி10 முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் அது ஒன்று. அடுத்து கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ராக்கர் பேனல், கதவின் அடிவிளிம்பு, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி. காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். தகடு என்றால் கணீரென்று கேட்கும், பட்டி என்றால் சத்தம் மொத்தென்று அமுங்கும்.

பிறகு கேபினுக்குள் தரைவிரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைகள் வழியாக இலைச்சருகு உள்ளே விழுந்து அங்கேதான் தங்கி ஈரம் காக்கும். பாலைவனத்து வண்டியிலும் இந்த இடம் மட்டும் உளுத்திருக்கக் கண்டதுண்டு. அடுத்து ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, எளிதாகச் சரிசெய்துவிடலாம். கீல் பொருத்திய தூணே அசைந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கடைசியில் படுத்துக் கீழே பாருங்கள். சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஆங்காங்கே தட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

அடுத்தது வண்டி எண். 17 இலக்க எண் 1981இல்தான் வந்தது. விபத்து வரலாறு தரும் இணையச் சேவைகள் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு உதவாது. ஆனால் சி10இன் சிறிய எண்ணே நிறையப் பேசும். 1971 வரை வந்த வண்டிகளில், கதவுத் தூணில் உள்ள தகட்டில் முதல் எழுத்து சி என்றால் இரண்டு சக்கர இயக்கம், கே என்றால் நான்கு. இரண்டாம் எழுத்து இ என்றால் கம்பெனியிலேயே வி8 வைத்தது, எஸ் என்றால் ஆறு சிலிண்டர். ஐந்தாம் இடத்தில் இருப்பது ஆண்டின் கடைசி இலக்கம். 1972இல் மட்டும் இவற்றுக்கு முன்னால் செவ்ரோலேவைக் குறிக்கும் இன்னொரு சி சேர்ந்தது. ஒஹாயோ வண்டி சி-சி-இ-1-4-2 என்று தொடங்க வேண்டும். சி-சி-எஸ் என்று தொடங்கினால் வி8 பின்னாளில் மாற்றியது. அது பெரிய குற்றமில்லை, ஆனால் “ஒரிஜினல்” என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. 350 என்று அவர் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். அதைவிடச் சிறிய 307 வி8ஐயும் 350ஐயும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், ஓட்டுநர் பக்க விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குட்டைப் பின்தொட்டி உள்ள வண்டிக்கு விலை அதிகம் என்பதால் நீளமானதை வெட்டிக் குட்டையாக்கி விற்பதும் நடக்கிறது. கம்பெனி தந்தது குட்டை வண்டிக்கு 115 அங்குலச் சக்கர இடைவெளி, நீள வண்டிக்கு 127. டாஷ்போர்டின் பெட்டிக் கதவில் ஒட்டிய கம்பெனித் தாள் பிழைத்திருந்தால் அதில் இந்த அளவு அச்சாகியிருக்கும். இல்லையென்றால் சேஸிஸில் வெட்டு வெல்டிங் தெரிகிறதா என்று தேடுங்கள்.

பச்சை வண்டியின் புகை பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை ஒரு தடவை வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல், சிறு செலவு. ஓடும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், இன்ஜினைப் பிரிக்க வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மூன்றில் எதுவானாலும் 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எந்த மெக்கானிக்கும் அஞ்சாத எளிய இன்ஜின்.

ஒரு விஷயத்தில் ஒஹாயோ வண்டிக்குத்தான் என் வாக்கு: பிரேக். 1971 முதல் சி10இன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே வந்துவிட்டது. 1969இல் நான்கும் டிரம். டல்லாஸ் நெடுஞ்சாலையில் ஓட்டப்போகும் நீங்கள் முன்பக்கத்தை டிஸ்க்காக மாற்றிக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 1970 வரை சி10 சக்கரத்தில் ஆறு போல்ட், 1971 முதல் ஐந்து. மாற்றும் கிட் வாங்கும்போது ஆறு போல்ட் உள்ளதாகக் கேட்டு வாங்காவிட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு சக்கரம் மாட்ட வேண்டி வரும். இன்னொன்று, இந்த மாடல்களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே பெட்ரோல் வாசனை அடித்தால் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். டேங்கைப் பின்தொட்டிக்கு அடியில் மாற்றும் வழி இருக்கிறது, நான் அதைச் செய்யவே சொல்வேன். மூன்று முனை பெல்ட்டும் பொருத்திக்கொள்ளுங்கள். பச்சை வண்டியை வாங்கினால் மிஞ்சும் 9,500 டாலரை இந்த வரிசையில் செலவிடுங்கள்: பிரேக், டேங்க், பெல்ட், டயர், பிறகு இன்ஜின். பெயின்ட்டைத் தொட வேண்டாம்.

விலை ஏறுமா என்றால், அந்தக் கணக்கில் வாங்காதீர்கள். சி10க்கு மதிப்பு கூடியிருப்பது உண்மை. அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 பொதுவாக இதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் கூலி கொடுத்துப் புதுப்பித்தவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது அரிது.

வண்டியின் உரிமைப் பத்திரம் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். பத்திரத்தில் உள்ள எண்ணும் கதவுத் தூணில் உள்ள எண்ணும் ஒவ்வொரு எழுத்தும் பொருந்த வேண்டும். பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஒஹாயோவில் விற்பவரின் கையெழுத்து நோட்டரி முன் போடப்பட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். டெக்சாஸில் 25 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆன்டிக் (பழமை வண்டி) நம்பர் பிளேட் கிடைக்கும், ஆனால் அது கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான். அலுவலகம் போக அது உதவாது, சாதாரணப் பிளேட்டே எடுங்கள். காப்பீட்டில், வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேளுங்கள். சாதாரணப் பாலிசி எடுத்தால் விபத்துக்குப் பின் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசிகள் பல, பூட்டிய கராஜும் தினசரி ஓட்ட வேறு காரும் இருக்க வேண்டும் என்று கேட்கும்; அலுவலகப் பயணத்தைச் சில அனுமதிப்பதில்லை. எப்போதாவது அலுவலகம் போவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.