ஆர்ட்ஸ் படிக்க இவ்வளவு பணமா?

அன்புள்ள சார்,

மகளுக்கு ஹரியானா சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. 'ஆர்ட்ஸ் படிக்க இவ்வளவு பணமா?' என்று அண்ணன் திட்டுகிறார். எந்தப் பாடம் என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயம்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணனைக் குழப்பியது அந்த 'ஆர்ட்ஸ்' என்ற சொல்தான். அசோகாவில் சொல்லித்தரும் லிபரல் ஆர்ட்ஸ் என்பது நம்மூர் ஆர்ட்ஸ் காலேஜ் இல்லை. ஐரோப்பாவில் அந்தப் பெயரில் பழங்காலத்திலிருந்து வந்த ஏழு பாடங்களில் கணக்கும் வடிவியலும் வானியலும் உண்டு. அசோகாவிலும் இயற்பியல், உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் இருக்கின்றன. எதை எடுப்பதாக இருந்தாலும் எல்லாரும் முதலில் பொதுவான அடிப்படைப் பாடங்களைப் படித்தாக வேண்டும், மேஜரை, அதாவது முக்கியப் பாடத்தை, அப்புறம்தான் முடிவு செய்வார்கள். அதாவது நீங்கள் பயப்படுகிற அந்த 'முடிவு செய்யவில்லை' என்பதற்குத்தான் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள்.

என் அக்கா பையனுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் நிரப்பக் கூட உட்கார்ந்தேன். கட்-ஆஃப் எல்லாம் தசமப் புள்ளியோடு சொன்னான். சிவிலில் என்ன படிப்பாய் என்று கேட்டால் "பாலம் மாமா" என்றான், அவ்வளவுதான். ஒரு மதியத்தில் முடிவானது நான்கு வருஷம்.

ஆனால் அசோகாவைக் கோயிலாக்க வேண்டாம். 2014-இல் ஆஷிஷ் தவான், நௌக்ரி வேலைவாய்ப்பு இணையதளத்தைத் தொடங்கிய சஞ்சீவ் பிக்சந்தானி போன்ற பலர் சேர்ந்து நன்கொடையில் தொடங்கியது, தனி முதலாளி கிடையாது. அதனால் அது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தோம். ஆனால் 2021-இல் அங்கே பேராசிரியராக இருந்த, அரசை விமர்சித்து எழுதிவந்த பிரதாப் பானு மேத்தா, தான் இருப்பது பல்கலைக்கழகத்துக்கு அரசியல் பாரம் என்று சொல்லி விலகினார், பின்னாலேயே பொருளாதாரப் பேராசிரியர் அர்விந்த் சுப்பிரமணியனும். 2023-இல் அங்கே பொருளாதாரம் கற்பித்த சப்யசாச்சி தாஸ், 2019 மக்களவைத் தேர்தலில் முறைகேடு நடந்திருக்கலாம் என்று எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து பல்கலைக்கழகம் விலகி நின்றது, அவரும் போய்விட்டார். 'ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்று பலகை வைத்துவிட்டு இப்படிச் செய்தது எனக்கு இன்னும் கசக்கிறது. இதையெல்லாம் எதிர்த்து அங்கே மாணவர்களே போராடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பணம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். முழுக் கட்டணத்தைப் பார்த்து மலைக்காமல் முதலில் அதற்கு விண்ணப்பம் போடுங்கள், அவர்கள் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மிச்சத்துக்காக வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டிய நிலை என்றால் வேண்டாம், அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். சமாளிக்கலாம் என்றால் அனுப்புங்கள். திருப்பூரில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ராத்திரி, டெல்லியில் இறங்கி இன்னும் வடக்கே போகவேண்டும். டிசம்பர் குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் வேண்டும், அது உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.