பாலில் தண்ணீர், கூண்டில் பால்காரர்: பழைய இங்கிலாந்து வழக்குகள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: தண்ணீர் கலந்த பாலைப் பால்மானியே காட்டிக்கொடுத்துவிடுமே, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழக்குத் தொடர வேதியியலாளர் எதற்கு?

பதில்: பால்மானி அடர்த்தியை மட்டுமே காட்டும். தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும்; கொழுப்பு இலேசானது என்பதால், ஏட்டை எடுத்தால் அடர்த்தி கூடும். ஏட்டையும் வழித்துக்கொண்டு, அளவறிந்து தண்ணீரும் ஊற்றிய வியாபாரியின் பாலில் பால்மானி நல்ல பாலுக்குரிய கோட்டிலேயே நிற்கும். ஆகவே கொழுப்பையும், நம் பால் சங்கங்களில் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது. பின்னது மாட்டுக்கு மாடு அதிகம் மாறாததால் அதுவே தண்ணீருக்கு அளவுகோலாயிற்று: நல்ல பாலில் 8.5 சதவீதம் என்று கொண்டால், 7.65 மட்டுமே உள்ள மாதிரியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

கேள்வி: 1860-ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் வந்துவிட்டதே, ஏன் பலனில்லை?

பதில்: உணவைச் சோதிக்கும் பகுப்பாய்வாளரை நியமிப்பதை அச்சட்டம் உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கே விட்டது, விற்றவர் தெரிந்தே விற்றார் என்பதையும் நிரூபிக்கச் சொன்னது. தெரியாது என்று சொல்லாத பால்காரர் உண்டா? 1875-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திருப்பம். வாங்குபவர் கேட்ட பொருளின் இயல்பும் தரமும் இல்லாததை அவருக்குப் பாதகமாக விற்பதே குற்றம் என்று அது வகுத்தது. ஏடெடுத்த பாலை அறியாமல் வாங்கி விற்றவரும் குற்றவாளியே என்று 1890-இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதிரியை மூன்றாகப் பிரித்து ஒன்றை விற்றவரிடமும் ஒன்றைப் பகுப்பாய்வாளரிடமும் கொடுத்து, மூன்றாவதை, மாதிரி வாங்கிய ஆய்வாளர் வைத்துக்கொள்ளும் முறையும் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. என் கணிப்பில், வழக்குகள் நீதிமன்றத்தில் எடுபட்டதற்கு வேதியியலைவிட இந்த நடைமுறையே பெரிய காரணம். சோதனைக்காக வாங்கிய ஆய்வாளருக்கு என்ன பாதகம் என்ற வக்கீல் வாதத்தை 1879-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது.

கேள்வி: "என் மாடு கறந்ததே அப்படித்தான்" என்று வாதிட்டால்?

பதில்: அதுதான் தீராத தலைவலி. பால் எப்படி இருக்க வேண்டும் என்று 1875-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவேயில்லை. 1874-இல் தோன்றிய பொதுப் பகுப்பாய்வாளர் சங்கம் கொழுப்பு 2.5, மற்றத் திடப்பொருள் 9 சதவீதம் என்று தானாகவே ஒரு வரம்பு வைத்துக்கொண்டது. சர்ச்சை எழுந்தால் மாதிரியின் மூன்றாம் பங்கு போன இடமான லண்டன் சாமர்செட் ஹவுஸின் அரசு வேதியியலாளர்களோ இதைவிடத் தாராளமாக இருந்தார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் பால் புளித்தும்விடும். இரு தரப்பு நிபுணர்களும் முரண்பட்டால் ஆதாயம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

1901-ஆம் ஆண்டு விதிகள் கொழுப்புக்கு 3, மற்றத் திடப்பொருளுக்கு 8.5 என வகுத்தன. ஆனால் அதற்குக் கீழே போனால் கலப்படம் என்ற அனுமானம் எழும், அவ்வளவே; கறந்தபடியே விற்றேன் என்று காட்டி அதை முறியடிக்கலாம். 1916-இல் ஹன்ட் எதிர் ரிச்சர்ட்சன் வழக்கில் அப்படியே ஒரு விவசாயி தப்பினார். மறுபுறம், 9 சதவீதம் உள்ள செழிப்பான பாலை 8.5 வரை தண்ணீர் விட்டுத் தணித்தாலும் விதி கண்டுகொள்ளாது. நூறு பங்கில் ஏறத்தாழ ஐந்தரைப் பங்கு தண்ணீர் சட்டத்தின் கண்ணெதிரிலேயே புகுந்துவிடும்.

கேள்வி: ரயிலில் வந்த பாலுக்கு யார் பொறுப்பு?

பதில்: 1865-இல் பரவிய மாட்டு நோயில் லண்டன் தொழுவங்கள் பல காலியானபின் நகரம் ரயில் பாலை நம்பத் தொடங்கியது. பால் அனுப்பியவரிடம் எழுத்து மூல உத்தரவாதம் பெற்று, சந்தேகிக்கக் காரணமின்றி, வாங்கியபடியே விற்றதாகக் காட்டிய கடைக்காரர் விடுவிக்கப்பட்டார். அதனால்தான், அனுப்பியவரையே பிடிக்க வழிசெய்து, 1879-ஆம் ஆண்டுத் திருத்தம், நிலையத்தில் பால் ஒப்படைக்கப்படும்போதே மாதிரி எடுக்க ஆய்வாளருக்கு அதிகாரம் அளித்தது.

கேள்வி: தண்டனை கடுமையானதா?

பதில்: 1875-இல் உச்ச அபராதம் 20 பவுண்டு. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் முறைக்கு 50, அடுத்தடுத்த முறைகளுக்கு 100 பவுண்டு வரை உயர்த்தி, சொந்தச் செயலாலோ கடும் அலட்சியத்தாலோ மீண்டும் குற்றம் செய்தவருக்கு மூன்று மாதம் வரை சிறையையும் சேர்த்தது.

கேள்வி: இதற்கும் நம் நாட்டுச் சட்டத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. இந்தியாவின் 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திலும் மாதிரியை மூன்றாகப் பிரிக்கும் முறையும் உத்தரவாத வாதமும் இருந்தன. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பங்குகளை நான்காக்கியது.