சிறந்த காவிய மிகுபுனைவுத் தொடர்கள் சில ஏன் உரிய கவனம் பெறாமலே போகின்றன?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மாயங்கள் நிறைந்த கற்பனை உலகில் நிகழும் நெடும் நாவல்களான காவிய மிகுபுனைவுகளில் (epic fantasy) மனத்துக்கு நெருக்கமான ஒரு தொடரை யாருக்கோ பரிந்துரைத்து, அவர் முதல் பாகத்தில் பாதியைக்கூடத் தாண்டாமல் திருப்பித் தந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. எனக்கும் அப்படி நேர்ந்திருப்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். விளம்பரம் போதவில்லை, அட்டைப்படம் பொருந்தவில்லை, திரைக்கு வரவில்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில், "இது எதைப் போல இருக்கும்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாத தொடர்கள்தாம் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன.

எனக்கு அப்படி அமைந்தது டேனியல் ஆபிரகாம் எழுதிய 'தி லாங் பிரைஸ் குவார்ட்டெட்'. 2006 முதல் 2009 வரை, ஆண்டுக்கு ஒன்றாக நான்கு பாகங்களும் வெளிவந்து முடிந்துவிட்ட தொடர் அது. அந்த உலகில் கவிஞர் என்றால் பாட்டுக் கட்டுகிறவர் அல்லர். ஒரு கருத்தைப் பிசகின்றிச் சொற்களில் வடித்து, அதை மனித உருவில் கட்டிப் போட்டு வைத்திருப்பவர். அப்படிக் கட்டுண்ட உருவத்துக்கு ஆண்டாட் என்று பெயர். முதல் பாகம் நிகழும் துறைமுக நகரின் ஆண்டாட் பருத்தியிலிருந்து விதையை நீக்க வல்லது. அந்த ஓர் ஆற்றலால் நகரத்தின் பருத்தி வணிகம் மற்ற தேசங்களை முந்தி நிற்கிறது. ஆனால் பஞ்சிலிருந்து விதையை நீக்கும் அதே ஆற்றல் கருப்பையில் இருக்கும் உயிரையும் நீக்கும் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போது, அதுவரை வணிகக் கதையாகப் படித்துக்கொண்டிருந்தது முற்றிலும் வேறொன்றாக மாறிவிடுகிறது. தன்னைக் கட்டிப் போட்ட கவிஞரையே வெறுத்து, அவரை உடைத்து விடுதலை பெறக் காத்திருக்கும் அந்த ஆண்டாட்டை நான் படித்த மிகச் சிறந்த பாத்திரங்களுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

இதை எங்கள் வாசிப்புக் குழுவில் அறிமுகப்படுத்த ஒரு மாலை முழுவதும் முயன்றேன். அடுத்த மாதம் எந்த நூலைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் கூட்டம் அது. "போர் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் பாகத்தில் உண்டு என்றேன். "நாயகன் யார்?" என்று கேட்டார்கள். முதல் பாகத்தின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவர், கைத்தடி ஊன்றி நடக்கும் வயதான பெண்மணி என்றும், வணிக நிறுவனமொன்றின் கணக்குவழக்கைக் கவனிப்பவர் என்றும், வாளே எடுக்காமல் பேரேடுகளைப் புரட்டித்தான் ஒரு பெருஞ்சதியின் தடயத்தைத் தேடுகிறார் என்றும் சொன்னேன். சொல்லும்போதே எதிரில் இருந்தவர்களின் ஆர்வம் வடிவதைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் இடையில் பத்தாண்டுக்கும் மேல் கடந்து போகிறது, இளைஞராகச் சந்தித்தவர்களை முதியவர்களாகப் பார்த்துப் பிரிகிறோம், மூன்றாம் பாகத்தில் படையெடுத்து வரும் தளபதியின் நியாயம் நம்மையே அசைக்கிறது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு நூலை இரண்டே நிமிடங்களில் தேர்ந்தெடுத்தார்கள். என்னிடமிருந்து முதல் பாகத்தை வாங்கிச் சென்ற ஒரே நண்பரும், மூன்று வாரம் கழித்து, "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் தொடங்கவே இல்லையே" என்று சொல்லித் திருப்பித் தந்தார். பக்க அடையாள அட்டை நூலின் முதல் கால்பகுதியிலேயே செருகியபடி இருந்தது.

கடினமான நூல்களை வாசகர்கள் தவிர்க்கிறார்கள் என்பதே இதன் பொருள் என்று சிலர் வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்டீவன் எரிக்சனின் மலாஸன் தொடர் 1999இல் தொடங்கிப் பத்துப் பாகங்களாக 2011இல் நிறைவடைந்தது. எந்த விளக்கமும் தராமல் வாசகரை நடுப்போரில் இறக்கிவிடும் நூல் அது. இருந்தும் "கடினமானது" என்ற பேச்சே அதற்கு ஓர் அழைப்பாக அமைந்து, வைராக்கியமான வாசகர்களைச் சேர்த்துக் கொடுத்தது. அமைதியான தொடருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

காலமும் சில தொடர்களுக்கு எதிராக வேலை செய்கிறது. டாட் வில்லியம்ஸ் எழுதிய தொடரொன்றின் முதல் பாகமான 'தி டிராகன்போன் சேர்' 1988இல் வெளிவந்தது. தாம் காவிய மிகுபுனைவு எழுத முற்பட்டதில் அந்தத் தொடருக்குப் பங்குண்டு என்று, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நூலை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் மார்ட்டினை முதலில் படித்துவிட்டு வில்லியம்ஸிடம் வருகிறவர்கள், அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்யும் சிறுவனோடு நிதானமாக நகரும் தொடக்கப் பகுதியைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வழிகாட்டிய நூலை, அதன் வழியில் வந்த நூலின் வேகத்தைக் கொண்டு அளப்பது முறையா?

இந்த இடத்தில் நெடுநாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "தொடர் முழுதும் முடியட்டும், பிறகு வாங்குகிறேன்" என்கிற வழக்கம் வாசகர்களிடையே இப்போது மிகவும் பரவிவிட்டது. முடியாத தொடர்களால் ஏமாந்தவர்களின் மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் பாகம் விற்கும் அளவைப் பார்த்துத்தான் மூன்றாம் பாகத்துக்கு எவ்வளவு அச்சடிப்பது, அடுத்த தொடருக்கு அந்த எழுத்தாளரை ஒப்பந்தம் செய்வதா என்பவை முடிவாகின்றன. எல்லோரும் காத்திருந்தால் காத்திருந்த பொருளே வராமல் போகும். இப்படி நானே ஒரு தொடரின் முதல் பாகத்தைப் படித்து வியந்த பிறகும், மற்ற பாகங்கள் வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன்; இரண்டாம் பாகத்தோடு பதிப்பகம் அதைக் கைவிட்டது. என் ஒரு பிரதியால் அது பிழைத்திருக்காது என்று யாரும் சொல்லலாம். என்னால் அப்படி எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஜேனி வர்ட்ஸ் 1993இல் தொடங்கிய பதினொரு பாகத் தொடரை 2024இல் நிறைவு செய்தார். முப்பத்தோர் ஆண்டுகள் அதைத் தாங்கி நின்றவர்கள், முடிவு வரும் என்ற உறுதி ஏதுமில்லாமல் ஒவ்வொரு பாகத்தையும் வாங்கிப் படித்தவர்கள்தாம்.

எனக்குப் பிடித்ததை மற்றவர்கள் ரசிக்காததால் புலம்புகிறேன் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். கவனம் பெறாத எல்லாமே சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஐந்து பாகங்கள் பொறுமையாகப் படித்தும் எதுவும் மிஞ்சாத தொடர்களும் என் அலமாரியில் இருக்கின்றன. இப்போதெல்லாம் கதைச்சுருக்கம் சொல்வதையே விட்டுவிட்டேன். அந்தக் கவிஞரும் ஆண்டாட்டும் ஒரே வீட்டில், ஒருவரையொருவர் வெறுத்தபடி இருக்கும் காட்சியைத் திறந்து நான்கு பக்கம் வாசித்துக் காட்டுகிறேன். சென்ற ஆண்டில் இருவர் அப்படிக் கேட்டுவிட்டு நூலை வாங்கிச் சென்றார்கள்; ஒருவர் நான்காம் பாகத்தில் இருக்கிறார்.

உங்கள் மனத்தில் இருக்கும் தொடர் எதுவென்று கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை. பெயரைச் சொல்லுங்கள். அது இன்னும் முடியாத தொடராக இருந்தாலும் முதல் பாகத்தை இந்த மாதமே வாங்கிவிடுகிறேன்.