டயருக்கு முன் ரிம்: ஸ்போர்ட்டி கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அளவு கேட்பவர்கள் காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ரிமின் உட்புறத்தில் அல்லது ஸ்போக்கின் பின்னால் அடித்திருக்கும் அகலம் (6ஜே, 7ஜே; ஜேக்கு முன் வரும் எண்ணே அங்குலத்தில் அகலம்), ஆஃப்செட் (ஈடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்; ஹப்பில் ஒட்டும் முகம் ரிமின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது), இப்போதைய டயர் அளவு (185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்) ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். கடைகளில் பேச்சு டயர் அகலத்தில் தொடங்கும். ரிம் அகலத்தில் தொடங்க வேண்டும்.

கேள்வி (மதுரை): சார், ஸ்விஃப்ட். 185/65 ஆர்15 டயர், ரிமில் 15 x 5ஜே என்று இருக்கிறது. வளைவில் வண்டி மிதக்கிறது. அதே ரிமில் 195/60 போட்டால் பிடிப்பு கூடும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: போடாதீர்கள். 195/60 ஆர்15 அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. உங்கள் 5ஜே அதற்குள் வரவில்லை. 195 என்ற எண்ணே 6 அங்குல ரிமில் ஏற்றிப் பார்க்கும் அகலத்தை ஒட்டியது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். 5ஜே ரிமில் கிட்டத்தட்ட 10 மி.மீ. போய்விடும்; காசு கொடுத்து வாங்கிய அகலம் அதிலேயே தீர்ந்தது. மீதிச் சிக்கல் சைடுவாலில். அது ரிமைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் மடங்கும், அதன் பிறகுதான் பட்டன் பகுதி (தரையில் படும் மேற்பரப்பு) திரும்பும். மிதப்பு கூடுமே தவிரக் குறையாது. நடுப்பகுதியும் சீக்கிரம் தேயும்.

185/65 அளவுக்கே 5 முதல் 6.5 வரை இடம் இருக்கிறது. 15 x 6ஜே அலாயில் அதே அளவில் தரமான டயர் போட்டாலே ஸ்டீயரிங் கூர்மையாகும். என் முதல் பரிந்துரை அதுதான். அகலமும் வேண்டும் என்றால் அந்த 6ஜேயில் 195/60 ஆர்15 (விட்டம் 615 மி.மீ., இப்போதைய 621.5ஐ விட 1 சதவீதம் குறைவு), அல்லது 16 x 6.5ஜேயில் 195/55 ஆர்16 (621 மி.மீ.). இரண்டாவதில் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறவே மாறாது.

கேள்வி (கோவை): அண்ணா, போலோ. 185/60 ஆர்15, ரிம் 6ஜே, ஈடி 40. வாங்க நினைப்பது 16 x 7ஜே, ஈடி 35, அதில் 205/50. உரசுமா?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் தம்பி. இரண்டு டயர்களும் அவற்றின் ரிமில் பெயரளவை விட 5 மி.மீ. விரிந்து 190, 210 ஆகும். வித்தியாசம் 20, பக்கத்துக்கு 10. ஆஃப்செட் 40லிருந்து 35க்குக் குறைவதால் சக்கரம் முழுவதும் 5 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 15, உட்பக்கம் 5 மி.மீ. கூடும். விட்டம் 603லிருந்து 611 ஆவதால் ஆரமும் 4 மி.மீ. உயரும். முன்னால் தப்பிக்கலாம், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது பின் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலே வளையும் பாடியின்) உதடு டயர் தோளைத் தேய்க்கும்.

அதே 205/50 ஆர்16 டயரை 6.5ஜே, ஈடி 40 ரிமில் போட்டால் இரு பக்கமும் 7.5 மி.மீ. மட்டுமே கூடும். அதை எடுங்கள். மாட்டியபின் உட்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தூண்) டயருக்கும் இடையே குறைந்தது 5 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், பின்சீட்டில் ஆளேற்றியும் பாருங்கள்.

இன்னொன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போலோவின் பிசிடி (போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும்) 5 x 100, நடுத்துளை 57.1 மி.மீ. வெளி அலாய்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கலாம், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் தீராது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட்டின் தலையடி உருண்டை. வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் குழி. பழைய போல்ட்டைக் கூம்புக் குழியில் முடுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும், ஓட ஓட லூசாகும். ரிமின் குழிக்குப் பொருந்தும் போல்ட்டையே வாங்குங்கள். 120 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சால் முடுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். ஏர் கன்னால் மட்டும் முடுக்கி அனுப்பவிடாதீர்கள்.

கேள்வி (சென்னை): விர்ட்டஸ் ஜிடி, 205/55 ஆர்16. 17 அங்குலத்துக்குப் போகலாமா? 215/45, 215/50, 225/45 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் விட்டம் 632 மி.மீ. 215/50 ஆர்17 வந்தால் 647, 2.4 சதவீதம் பெரிது. கியர் விகிதம் நீண்டதுபோல் இழுவை மந்தமாகும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் இப்போதைவிட 2 கி.மீ.க்கு மேல் கூடியிருக்கும். 215/45இல் விட்டம் 625, ஆனால் சைடுவால் 113 மி.மீ.யிலிருந்து 97க்கு இறங்கும். நம் சாலைக் குழிகளுக்கு அது மிகக் குறைவு. ரிம் வளையும், டயரில் முட்டை (பக்கவாட்டு வீக்கம்) விழும்.

என் தேர்வு 205/50 ஆர்17, 7ஜே ரிமில். விட்டம் 637, சைடுவால் 102.5. 225/45 விட்டத்தில் கச்சிதம் (634), ஆனால் 7ஜே அதற்குக் கீழ் எல்லை, 7.5ஜே வேண்டும், ஆர்ச்சில் இடம் தேட வேண்டிவரும். ரிமின் எடையையும் தராசில் வைத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு 2 கிலோ கூடினால் குழியில் வண்டி குதிப்பதும் பிரேக் தூரமும் மாறும். அழகுக்காக மட்டும் 17 என்றால் 16இலேயே நல்ல டயர் வாங்குவது மேல்.

கேள்வி (கடலூர்): அகல டயர் மழையில் வழுக்கும் என்கிறார்களே?

பதில்: தேங்கிய நீரில், ஆம். அகலமான டயருக்கு முன்னால் ஒதுக்க வேண்டிய நீர் அதிகம், தரையில் படும் பகுதியின் நீளமோ குறைவு. அதனால் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். பட்டன் ஆழம் இதைவிட முக்கியம். சட்டப்படி எல்லை 1.6 மி.மீ., ஆனால் ஐப்பசி மழைக்கு முன் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது தலைகீழ்: காற்று குறையக் குறைய மிதப்பு சீக்கிரம் வரும்.

கேள்வி (கோலாலம்பூர்): ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இசட்சி33எஸ், 195/45 ஆர்17. செப்பாங்கில் டிராக் நாள்களுக்கும் தினசரிக்கும் ஒரே செட் வேண்டும்.

பதில்: கம்பெனி ரிம் 6.5ஜே, ஈடி 50. 205/45 ஆர்17 அளவுக்கு 6.5 முதல் 7.5 வரை அனுமதி. 7ஜே, ஈடி 48 எடுத்தால் ரிம் விளிம்பு வெளியே 8, உள்ளே 4 மி.மீ. மட்டும் நகரும், தலைவலி இல்லை. விட்டம் 1.5 சதவீதம் கூடும். பிசிடி 5 x 114.3, நடுத்துளை 60.1, பழைய ஸ்விஃப்ட்டுகளின் 4 x 100 ரிம் இதில் ஏறாது. தினமும் ஓட்டுவதால் அரைப்பந்தய டயர் வேண்டாம், மழையில் பயமுறுத்தும். நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போதும்.

டிராக்கில் காற்றைச் சூட்டில் அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ வைத்து நான்கைந்து சுற்று ஓடுங்கள், வந்ததும் உடனே அளங்கள். 38, 39 காட்டினால் 36க்கு இறக்குங்கள். டயர் தோளில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். சைடுவால் வரை கோடு அழிந்தால் காற்று குறைவு, பட்டன் ஓரத்துக்கு முன்பே தேய்மானம் நின்றால் அதிகம். வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் நிரப்புங்கள். சூட்டில் 36 வைத்தது ஆறியபின் 30 அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி (பெங்களூர்): பிஎம்டபிள்யூ எஃப்30. முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. நான்கும் 225 ஆக்கினால் மாற்றிமாற்றிப் போடலாமே?

பதில்: விட்டம் 660, 661 என்பதால் அந்த வகையில் சிக்கல் இல்லை. பின்பக்க அகலம் குறைந்தால் வண்டியின் குணம் மாறும் என்பதுதான் விஷயம். இப்போது பிடிப்பின் எல்லையில் முன்பக்கம்தான் முதலில் விடும், பயமில்லாத வழுக்கல் அது. நான்கும் 225 ஆனால் முன்பக்கம் நன்றாகக் கடிக்கும், ஈரத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் பின்பக்கம் சீக்கிரம் நழுவும். ஓட்டத் தெரிந்தவருக்கு அது இன்பம். குடும்பத்தில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் கம்பெனி அளவிலேயே விடுங்கள். மாற்றுவதானால் நான்கும் 8ஜே ரிம் வேண்டும். பின் ரிமில் 225ஐ ஏற்றி முன்னுக்குக் கொண்டுவராதீர்கள், ஆஃப்செட் வேறு.

கேள்வி (சேலம்): இரண்டு டயர்தான் இப்போது மாற்ற முடியும். முன்சக்கர இழுவை வண்டி. புதியவை முன்னால்தானே?

பதில்: பின்னால். முன்பக்கம் வழுக்கினால் காலைத் தளர்த்தினால் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும்.

கேள்வி (திருச்சி): அண்ணா, 9ஜே ரிமில் 205 டயரை இழுத்து மாட்டும் ஸ்டைல் பிடித்திருக்கிறது.

பதில்: வேண்டாம் தம்பி, கேட்டுக்கொள்கிறேன். பீட் (ரிமைப் பற்றிக்கொள்ளும் டயரின் உள்விளிம்பு) ரிமில் சரிந்து உட்கார்ந்திருக்கும்; குழியில் பக்கவாட்டு உதை விழுந்தால் காற்று ஒரே நொடியில் போய்விடும். ரிம் விளிம்பும் டயருக்கு வெளியே நிற்பதால் முதல் அடி அதற்குத்தான்.

கேள்வி (புதுச்சேரி): தள்ளுபடியில் வரும் டயர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சைடுவாலில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஸ்போர்ட்டி வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கை எடுக்காதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். அளவுக்குப் பின்னால் உள்ள சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 91 என்றால் டயருக்கு 615 கிலோ, 87 என்றால் 545. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகக்கூடாது. வேக எழுத்து எச் 210 கி.மீ., வி 240. ரிமுக்கும் சுமை எல்லை உண்டு, பின்புறம் அடித்திருக்கும். அச்சின் உச்சச் சுமையில் பாதியையாவது அது தாங்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத ரிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.