மதுரைப் பக்கம் ஜுராசிக் அம்மோனைட் கிடைக்குமா?

அம்மோனைட் என்பது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்; கல்லில் புதைபடிவமாகக் கிடைக்கும். ஜுராசிக் என்பது டைனோசர் காலத்தின் நடுப்பகுதி. யானைமலையிலோ நாகமலையிலோ தேடிப் பயனில்லை. அவை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. கடல் உயிரின் ஓடு அதில் தங்காது. அரியலூர், காரை பக்கம் அம்மோனைட் உண்டு. ஆனால் அது ஜுராசிக்குக்குப் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தது. ஜுராசிக் என்றால் குஜராத்தின் கட்ச் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

அல்லது உங்கள் தெருவில் யார் வீட்டுப் பூஜையறையிலாவது இருக்கும் சாளக்கிராமம்! என் பாட்டி வைத்திருந்த கறுப்புக் கல்லில் சக்கரம் என்று வணங்கியது அம்மோனைட்டின் சுருள்தான். விரலால் தடவினால் வரிவரியாக மேடு தட்டும். நேபாளத்துக் கண்டகி ஆற்றுக் கல் அது. இமயம் எழுமுன் அங்கே டெத்திஸ் கடல் இருந்ததற்குக் கண்கண்ட சாட்சி.

அம்மோனைட் இனங்கள் கடலெங்கும் பரவி, சீக்கிரமே மாறி மறைந்தவை. அதனால் ஓட்டின் இனத்தை வைத்தே பாறை அடுக்கின் வயதைச் சொல்லிவிடலாம். சேகரிக்கப் போனால் எடுத்த இடத்தையும் அடுக்கையும் அங்கேயே நின்று எழுதிவையுங்கள். கல்லைக் கழுவுவதெல்லாம் பிறகு.