கீமோவுக்குப் பின் காய்ச்சலா? முதல் டோஸ் மலையிலேயே ஏறட்டும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சேலத்தில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீடு நாகலூர் பக்கம். இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் இரவு 101 காய்ச்சல். பாரசிட்டமாலும், மெடிக்கலில் முன்பு வாங்கி மீதமிருந்த ஆன்டிபயாடிக்கும் கொடுத்தேன். காலையில் விட்டுவிட்டது. முடி கொட்டுகிறது, நகம் கறுத்துவிட்டது, கீமோ அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. யூடியூப் பார்த்து பயந்துபோய்ப் பப்பாளி இலைச்சாறு கொடுக்கிறேன். அடுத்த முறை நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் இங்கே ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பார்க்கத் தெரியுமா டாக்டர்?
- வாசகி, ஏற்காடு

பதில்: முடி திரும்ப முளைக்கும். நகக் கறுப்பு கீமோ முடிந்தபின் மெல்ல மாறும். நர்ஸுகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்வதை ஏற்றியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் அந்த நிறத்தில்தான் போகும். இலைச்சாற்றை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்தப் பத்தாம் நாள் காய்ச்சலுக்கு வருகிறேன். அன்று உங்கள் அம்மா பிழைத்தது அதிர்ஷ்டம். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இன்னொரு முறை அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். சிலருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழே போய்விடும். சீழ் என்பதே அந்த அணுக்கள் குவிவதுதான். அவை இல்லாதபோது புண் அவ்வளவாகச் சிவக்காது, சீழ் பிடிக்காது, நெஞ்சு எக்ஸ்ரேகூடச் சுத்தமாகத் தெரியலாம். பல சமயம் வெளியே தெரிவது காய்ச்சல் ஒன்றுதான். அதையும் பாரசிட்டமால் கொடுத்து மறைத்துவிட்டால் பார்க்கிறவருக்கு என்ன மிஞ்சும்? வாயில் வைத்துப் பார்க்கையில் 100.4-ஐத் தொட்டால் மாத்திரை வேண்டாம், கிளம்புங்கள். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கமோ, பேச்சில் குழப்பமோ வந்தாலும் அப்படித்தான்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரியுமா என்றீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அது. சில வருடங்களுக்கு முன் நான் போய்வந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கீமோ நோயாளி ஒருவர் இரவு பதினொன்றரைக்கு வந்தார். வீட்டில் மாத்திரை போட்டிருந்ததால் தெர்மாமீட்டர் 99 காட்டியது. சாதாரணக் காய்ச்சல் வரிசையில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். கீமோ விஷயம் வெளியே வந்தபோது மணி இரண்டு. ஊசி மருந்து பூட்டிய அலமாரியில், சாவியோ வீட்டுக்குப் போய்விட்ட பார்மசிஸ்ட் கையில். விடியும்போது நோயாளிக்கு பிரஷர் இறங்கிவிட்டது. அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, ட்ரிப்ஸ் போட்டு, தன்னால் ஆனதையெல்லாம் செய்தவர் அவர். ‘கடைசி கீமோ எப்போ?’ என்று கேட்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு செவிலியர்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, “ராத்திரியில் அலமாரி சாவி யாரிடம் இருக்கும்?” பாடம் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும், ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் உட்பட, ‘ஆறு வாரத்துக்குள் கீமோ போட்டீர்களா?’ என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் வரிசை கிடையாது, தனி இடம். உடனே டாக்டரை எழுப்ப வேண்டும். கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்த கையோடு, அவர் சொல்லும் ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் நரம்பில் ஏறிவிட வேண்டும். வந்து ஒரு மணி நேரத்துக்குள். ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆசனவாயில் தெர்மாமீட்டரும் மாத்திரையும் கூடவே கூடாது. (புற்றுநோயாளி முதுகுவலியோடு கால் தளர்கிறது, சிறுநீர் இறங்கவில்லை என்று வந்தாலும் இதே அவசரம்தான். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்தான் பெரும்பாலும் பிறகும் நடக்கிறார்.)

ஏற்காட்டுக்கு இது இன்னும் பொருந்தும். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்கி, சேலம் வந்து, அனுமதி போட்டு, அதன்பின் ஊசி என்றால் அந்த ஒரு மணி நேரம் மலைப்பாதையிலேயே கரைந்துவிடும். முதல் டோஸ் மேலேயே ஏறட்டும், 108 அதன் பிறகு கிளம்பட்டும்.

மூன்றாவது கீமோவுக்கு முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அந்த 101-ஐக் கட்டாயம் சொல்லுங்கள். டோஸைக் குறைப்பதா, வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். ஒரு அட்டையில் கீமோ தேதி, மருந்துப் பெயர்கள், ஒவ்வாமை, அவருடைய போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் முதலில் போட வேண்டிய ஊசியின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு ஒரு நாள் பகலில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய், டியூட்டி டாக்டரிடமும் சிஸ்டரிடமும் அட்டையைக் காட்டி, அந்த ஊசி ராத்திரியிலும் கைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிடைக்காது என்றால், ஏழிலிருந்து பதினான்காம் நாள் வரை அம்மாவைச் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள்.