அத்தையிடம் கேளுங்கள்

கேள்வி: என் பையன் அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு மெக்சிகோக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டப் போகிறான். தை மாசம் சேலத்தில் கல்யாணம். பெண்ணின் அம்மா, பாட்டி, சித்தி பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் தங்குகிறார்கள். என் மாமியாருக்கு வயசு 80 தாண்டிவிட்டது. “பாஷை தெரியாத கிழவியோட நான் என்னத்தப் பேசறது? என்னைப் பெரியவன் வீட்டுல விட்டுடு” என்கிறார். அனுப்பிவிடலாமா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். அந்தப் பாட்டியை உங்கள் வீட்டில் முழுசாகப் புரிந்துகொள்ளப் போகிறவர் உங்கள் மாமியார் ஒருவர்தான். என் தங்கை மகள் வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில், அப்படி ஒரு குடும்பத்தில்தான். அங்கே தங்கியிருந்தபோது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் தகராறு செருப்பில் வரும். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடந்தால் சளி பிடிக்கும் என்பதில் அந்த ஊர்ப் பாட்டிகள் அசையமாட்டார்கள். வீட்டுக்குள்ளும் செருப்புதான். சேட்டை பண்ணுகிற பேரனை அடக்குவதற்கும் அதே செருப்புதான். கழற்றிக் கையில் எடுத்தாலே போதும், பையன் மேஜைக்கு அடியில் போய்விடுவான். நம் பக்கம் செருப்பைத் தூக்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பையனை விட்டு முன்னாடியே சொல்லச் சொல்லுங்கள். புதுசாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, வீட்டுக்குள் போட மட்டும் என்று கொடுத்துவிடுங்கள். சாமி அறைக்கு வெளியே அது நிற்கட்டும். உங்கள் மாமியாரின் வெறுங்காலைப் பார்த்து, அவருக்கும் ஒரு ஜோடி போடச் சொல்லி நச்சரிப்பார். வாங்கிக் கொடுங்கள், வயசான காலுக்கு நல்லதுதான்.

வந்ததும் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுப்பார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லி வையுங்கள், உங்கள் வீட்டுக்காரரிடமும். யாராவது தும்மினால் உள்ளங்காலில் விக்ஸ் தேய்த்து சாக்ஸ் மாட்டிவிடுவார், மறுக்காதீர்கள். நீல நிற பிஸ்கட் டப்பாவில் அவர்கள் வீட்டிலும் ஊசி நூல்தான் இருக்கும்.

கல்யாணக் களையில் பெண் மாப்பிள்ளைக்குக் கண் படாமல் இருக்குமா? அந்தப் பாட்டி ஒரு முட்டையை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவி, டம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றி, வெள்ளைக்கரு எப்படி மிதக்கிறது என்று உற்றுப் பார்ப்பார். உங்கள் மாமியார் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவார். அந்த மிளகாயே அவர்கள் சீமையில் விளைந்து, ஏறக்குறைய 500 வருஷத்துக்கு முன்னால் போர்த்துகீசியர் கப்பலில் நம்மிடம் வந்ததுதான். பிள்ளைகளுக்கு இரண்டும் நடக்கட்டும். வெள்ளிக்கிழமை முட்டை ஆகாது என்றால் அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாஷைக்கு வருகிறேன். இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்து நடுவில் மொழிபெயர்க்க ஆள் போடாதீர்கள். அடுப்படியில் விடுங்கள். அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் தோலைக் கசக்கிக் கழுவி அரைப்பார்கள். டோர்ட்டியா என்கிற அவர்கள் ரொட்டிக்கும், மட்டையில் மடித்து அவிக்கிற தமாலேவுக்கும் அந்த மாவுதான். தங்கை மகள் வீட்டுப் பாட்டி கொதிக்கிற சோளத்தில் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டுவார். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் அடுப்பை அணைத்துவிடுவார், கடிகாரமெல்லாம் பார்க்கமாட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பமே கூடித் தமாலே செய்யும். ஊறவைத்த சோள மட்டையில் ஒருத்தர் மாவு தடவ, ஒருத்தர் கறி வைக்க, ஒருத்தர் மடித்துப் பானையில் நிறுத்த வேண்டும். மாவு தடிமனாகிவிட்டது என்று மருமகளுக்கும் பேத்திக்கும் ஒரே திட்டு. வெந்ததும் முதல் தட்டு அதே பேத்திக்குத்தான் வரும்.

வெற்றிலை போடுகிறவராக இருந்தால், சுண்ணாம்பு காட்டமாகிவிட்டதா என்று உங்கள் மாமியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் நல்ல காய்ந்த மக்காச்சோளமாக வாங்குங்கள், கோழித் தீவனத்துக்குப் போவது வேண்டாம். கிரைண்டர் உங்கள் மாமியார் பொறுப்பு. அவர் பயப்படுவது பாஷைக்கு இல்லை அம்மா, கல்யாண வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான்.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என் தங்கை மகளுக்கு மே மாசம் 15 வயசு முடிகிறது. அவள் அப்பா மெக்சிகோக்காரர். பெரிய விழா எடுக்கிறார்களாம். நம்ம மஞ்சள் நீராட்டு மாதிரிதானா? தாய்மாமன் சீர் கொண்டு போகலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இது வேறு தம்பி. பெண் வயசுக்கு வந்ததற்காகச் செய்வதில்லை, 15-ஆவது பிறந்தநாளுக்குச் செய்வது. கின்சியானெரா என்பார்கள். முதலில் சர்ச்சில் பூசை, அப்புறம் விருந்தும் நடனமும். பல வீடுகளில் சபை நடுவே மகளை உட்காரவைத்து, அப்பாவே தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஹீல்ஸ் மாட்டிவிடுவார்.

சீர் தாராளமாகக் கொண்டு போங்கள். கேக் ஒருவர், கவுன் ஒருவர், கிரீடம் ஒருவர் என்று சொந்தக்காரர்கள் பொறுப்பைப் பிரித்துக்கொள்வது அவர்களுக்கும் வழக்கம். தாய்மாமன் பங்கு என்ன என்று தங்கையிடம் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் சேலம் வெள்ளிக் கொலுசு, சத்தம் வருகிற முத்து வைத்தது. செருப்பு மாற்றுகிற நேரத்திலேயே அதையும் போட்டுவிடலாம். கணுக்காலை நூலால் அளந்து அளவு அனுப்பச் சொல்லுங்கள். வளர்கிற பிள்ளை, கொக்கிப் பக்கம் இரண்டு வளையம் கூடுதலாக வைக்கச் சொல்லிப் பட்டறையில் கொடுங்கள்.